ஒன்பது நிமிடக் காதல்: சென்னையில் நடக்கும் ஒரு காலப்பயணத் தன்பாலீர்ப்பு நாவலை எழுதுவது எப்படி?

சென்னைக்கென்று தனியாக ஒரு நேரம் இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானியல் ஆய்வுக்கூடத்தை வைத்துக் கணக்கிட்ட மெட்ராஸ் நேரம். கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால் ஓடியது. 1906 ஜனவரி 1 அன்று ஐந்தரை மணிக் கணக்கில் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. இரண்டுக்கும் இடைவெளி கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம். அந்த ஆய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலையில், வானிலை மைய வளாகத்துக்குள் நிற்கிறது.

அந்த ஒன்பது நிமிடம் எங்கே போனது என்று ஒருநாள் யோசித்தேன். இரண்டு வருடமாக நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவல் அந்தக் கேள்வியில்தான் பிறந்தது. தாமரை 2018இல் இருப்பவள், மரகதம் 1905இல் இருப்பவள். இருவரும் காதலிக்கிறார்கள். இதேபோல ஒன்றை எழுத நினைப்பவர்களுக்கு, நான் தடுமாறிக் கற்றுக்கொண்டதை என் நாவலையே பிரித்துக் காட்டிச் சொல்கிறேன். ஆண்கள் இருவரின் கதையோ திருநர் காதலோ எதுவானாலும் வழி ஏறக்குறைய இதுதான்.

முதல் படி: ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலோர் ஆடையைப் பார்த்து ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டிராம் வண்டி, கிராமஃபோன், சரிகைப் புடவை என்று படம் விரிகிறது, கதை அதன்மேல் ஏறி உட்கார்கிறது. இதை நான் வேண்டாம் என்பேன். முதலில் சட்டத்தைப் பாருங்கள், அடுத்து வீட்டைப் பாருங்கள்.

சட்டத்தின் கணக்கு இது. 1860இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 முதல் அமலானது. அதன் 377ஆம் பிரிவு தன்பாலினத்தாரிடையே உள்ள உறவைக் குற்றமாக வைத்திருந்தது. 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வயது வந்தோர் மனமொத்து வாழ்வதை அந்தப் பிரிவிலிருந்து விலக்கியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிப் பழையபடி குற்றமாக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றம் அந்தத் தளையை அறுத்தது.

நடுவில், 2009க்கும் 2013க்கும் இடையே, குற்றமில்லாத நாலரை வருடம் வருகிறது பாருங்கள். காலப்பயணம் என்றால் நூறு வருடம் தாண்டித்தான் ஆகவேண்டும் என்றில்லை. 2012இல் கடற்கரையில் கைகோத்து நடந்த ஒருவன் கண் மூடித் திறந்தால் 2014 என்று வையுங்கள். அதே மணல், அதே சுண்டல் வண்டி, அதே காதலன். ஆனால் இருவரும் மறுபடி குற்றவாளிகள். இதைவிடக் குறுகிய, இதைவிட வலிக்கும் காலப்பயணம் எனக்குத் தெரியவில்லை. யாராவது எழுதுங்கள்.

சட்டம் மட்டும் போதாது, வீடும் உண்டு என்றேன். பெண்கள் இருவரின் கதையில் போலீஸைவிடத் தாலிதான் பெரிய தடை. 377 இருந்த காலத்திலும் சரி, போன பிறகும் சரி, பெண்களைப் பிரிக்கக் குடும்பங்கள் கையில் எடுத்தது ‘மகளைக் காணவில்லை’ என்ற புகார்தான். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்ததும் அப்படித்தான். 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதில் விரிவான உத்தரவு பிறப்பித்தார். அதற்கு முன், தனக்கு இந்த விஷயத்தில் புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். ஒருவரின் நாட்டத்தை ‘மாற்றுகிறேன்’ என்று வரும் சிகிச்சைகளுக்கும் அந்த உத்தரவு தடை போட்டது. நாவலில் ஒரு நல்ல அப்பாவையோ அம்மாவையோ எழுதப்போகிறவர்கள் அந்த உத்தரவைப் படியுங்கள். ‘தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு பெரியவர் சொல்வது எப்படி ஒலிக்கும் என்பது அதில் இருக்கிறது.

இரண்டாம் படி: காலத்தின் விதியும் காதலின் தடையும் ஒன்றாகட்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். காலப்பயணத்துக்கு ஒரு விதி, காதலுக்கு வேறொரு தடை என்று இரண்டு வைத்தால் நாவல் இரண்டாக உடைந்துவிடும். வாசகர் பாதிப் புத்தகம் எந்திரத்தைப் பார்ப்பார், மீதியில் கண்ணீரைப் பார்ப்பார். இரண்டும் ஒரே பொருளாக இருக்க வேண்டும்.

ஒளிந்து காதலிப்பவர்களுக்கு எப்போதுமே நேரம்தான் இல்லை. அறையில் உடன் தங்குபவர் வருவதற்குள், அம்மா கோயிலிலிருந்து திரும்புவதற்குள், கடைசி மின்சார ரயில் போவதற்குள் என்று எல்லாமே ஒரு ‘வருவதற்குள்’. என் ஒன்பது நிமிடமும் அதுதான். இந்திய நேரப்படி நள்ளிரவு 12 அடிக்கும்போது மெட்ராஸ் நேரம் 11:51. அந்த ஒன்பது நிமிடத்தில் தாமரைக்கு மறுநாள் பிறந்துவிட்டது, மரகதத்துக்கு இன்றைய நாளே முடியவில்லை. கதவு திறப்பது அந்த இடைவெளியில் மட்டும். இதுதான் விதி. இதுவேதான் தடையும்.

பிறகு கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். ஒன்பதால் வகுத்தால் 160. அதாவது 160 இரவு சந்தித்தால்தான் இருவரும் சேர்ந்திருந்தது ஒரு முழு நாள் ஆகும். காகிதத்தில் அந்த எண் விழுந்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். 2018 செப்டம்பர் 6க்கு முந்தைய இரவிலிருந்து 160 இரவு பின்னால் எண்ணினால் மார்ச் 30. 1905இன் கடைசி இரவிலிருந்து அதேபோல எண்ணினால் ஜூலை 25. நாவலின் நாள்காட்டி தானாகவே அமைந்துவிட்டது.

உங்கள் விதி வேறாக இருக்கும். எதுவானாலும் சரி, அதற்கு ஓர் எண்ணோ எல்லையோ இருக்கட்டும். சென்னையில் டிராம் 1895இல் ஓடத் தொடங்கி 1953 ஏப்ரலில் நின்றது. டிராமில் ஏறினால்தான் அந்தக் காலத்துக்குப் போக முடியும் என்று வைத்தால், கடைசி வண்டியின் தேதி உங்கள் நாயகனுக்குத் தெரியும், அந்தக் கண்டக்டருக்குத் தெரியாது. இப்படி எங்கே பார்த்தாலும் விதைகள் கிடக்கின்றன இந்த ஊரில்.

இன்னொரு கட்டுப்பாடு தொல்காப்பியத்திலிருந்து எனக்குக் கிடைத்தது. அகத்திணைக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும். திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், ஆனால் நிலம் மயங்காது என்கிறது அகத்திணையியல். பொழுது கலக்கலாம், இடம் கலக்கக் கூடாது என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். காலப்பயண நாவலுக்கு இதைவிடக் கச்சிதமான இலக்கணம் வேண்டுமா? என் கதை முழுதும் ஒரே கிணற்றடியில் நடக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. காலம் மட்டும்தான் இடம் மாறுகிறது. நள்ளிரவு என்பது யாமம், குறிஞ்சிக்குரிய சிறுபொழுது, கூடலுக்கு உரியது. கடலோர நெய்தல் மண்ணில் குறிஞ்சியின் பொழுது வந்து அமர்கிறது. நாவலை எழுதும்போது இதையெல்லாம் சொல்லிக்காட்ட மாட்டேன், ஆனால் காட்சியின் நிறத்தை இதுதான் தீர்மானிக்கிறது.

கடந்த காலத்தை மாற்ற முடியுமா முடியாதா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். முடியாது என்று வைப்பதே காதல் கதைக்கு நல்லது. மாற்ற முடியும் என்றால், நாயகி உடனே சட்டத்தை மாற்றக் கிளம்ப வேண்டியிருக்கும். கிளம்பாவிட்டால் வாசகருக்கு அவள்மேல் கோபம் வரும்.

மூன்றாம் படி: தண்ணீர், காசு, சாதி

ஆராய்ச்சி என்றதும் பெரிய நிகழ்ச்சிகளைத் தேடுகிறோம். நாவலைத் தாங்குவது சின்ன விஷயங்கள்தான். அந்தக் காலத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்தது, காசு எப்படி எண்ணினார்கள், யார் எதைத் தொடலாம். இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

காசு விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். முன்பு எழுதிய ஒரு கதையில், 1954இல் ஒருவன் டீக்கடையில் எட்டு பைசா மிச்சம் வாங்குவதாக எழுதினேன். பெரம்பூரில் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். எண்பது தாண்டியவர். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் கண்ணைத் திறந்தார். “ஏன் கண்ணு, அம்பத்தி நாலுல ஏது நூறு பைசா கணக்கு? அணா இல்ல அப்ப?” அவர் சொன்னது சரி. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1 அன்று. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. அன்றிலிருந்து, காசு கைமாறும் ஒவ்வொரு வரியையும் தனியாக ஒரு முறை சரிபார்க்கிறேன்.

சாதியை விட்டுவிட்டு 1905ஐ எழுத முடியாது. எழுதினால் அது அரிதாரம் பூசிய 2018தான். மரகதம் மருத்துவச்சி வீட்டுப் பெண். பன்னிரண்டு வயதில் தாலி அறுத்தவள். அம்மாவிடம் கைத்தொழிலையும் எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் சுத்தத்தையும் கற்றவள். மூன்று கரு கலைந்துபோன ஒரு மருமகளைப் பேறு வரை பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் ஐந்து மாதம் மாட்டுக்கொட்டகைப் பக்கம் தங்க வைத்திருக்கிறார்கள். நள்ளிரவில் ஒரு பெண் கிணற்றடிக்கு வந்தால் யாரும் கேட்காத காரணமும் இதில் கிடைத்துவிட்டது. வெந்நீர் வேண்டும் என்றால் போதும். ஆனால் அந்தக் கிணற்றில் அவள் கயிற்றைத் தொடக் கூடாது. வேறு யாராவது இறைத்து ஊற்ற வேண்டும். வீட்டின் வாரிசைக் கையில் ஏந்தலாம், வாளியை ஏந்தக் கூடாது.

இதை எழுதிய பிறகுதான் 2018இல் தாமரையிடம் வீட்டுக்காரம்மா கேட்கும் “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்விக்கு முழு எடை வந்தது. நடுவில் 113 வருடம்.

எங்கே தேடுவது? தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும். வீட்டிலிருந்தபடியே பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பழைய பத்திரிகைகளில் செய்தியைவிட விளம்பரத்தைப் படியுங்கள். 1905 ஆகஸ்டில் பாரதியாரை ஆசிரியராகக் கொண்டு ‘சக்கரவர்த்தினி’ என்ற மாதர் பத்திரிகை வரத் தொடங்கியது. மரகதம் எழுத்துக் கூட்டிப் படிப்பது அந்த வீட்டு மருமகள் படித்துப் போட்ட அதன் பழைய இதழைத்தான். ஒரு தகவல் நாவலுக்குள் வரவேண்டிய முறை இப்படித்தான், யாரோ ஒருவரின் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு நாள்காட்டியையும் சுவரில் அருகருகே ஒட்டுங்கள். என் கதையில் மரகதம் ஐப்பசி மழையில் நனைந்து வரும்போது இங்கே ஜூன் மாதம், தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. அவள் முந்தானையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தாமரை உள்ளங்கையில் பிடிக்கிறாள். நாள்காட்டியை ஒட்டாமல் இருந்திருந்தால் இந்தக் காட்சி எனக்குக் கிடைத்திருக்காது.

நான்காம் படி: காதலைத் தவிர வேறென்ன வேண்டும் அவர்களுக்கு?

சுருக்கமாகச் சொல்கிறேன். தன்பாலீர்ப்பாளராக இருப்பது ஒருவரின் முழு குணமும் இல்லை. தாமரைக்குச் சொந்தமாக ஒரு தையல் யூனிட் வைக்க வேண்டும். மரகதத்துக்கு இந்தப் பிள்ளையை உயிரோடு வெளியே கொண்டுவர வேண்டும். காதல் இல்லாவிட்டாலும் இருவருக்கும் மறுநாள் காலை எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. அப்படி ஒன்று இல்லாத பாத்திரம் ஐம்பதாம் பக்கத்தில் ஓய்ந்துவிடும்.

ஐந்தாம் படி: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் வரும் சிக்கலும் சுகமும் இங்கேதான். ஆணும் பெண்ணும் காதலித்தால் வினைமுற்றே வேலையைப் பார்த்துக்கொள்ளும். பார்த்தான், பார்த்தாள், முடிந்தது. இரண்டு பெண்கள் என்றால் ‘அவள் அவளைப் பார்த்தாள், அவள் சிரித்தாள்’ என்று வரும். யார் சிரித்தது?

இதற்கு மூன்று வழி உண்டு. பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று. சலிப்பூட்டும், ஆனால் தெளிவு. ‘தான், தன்’ என்பதைக் கவனமாகப் பயன்படுத்துவது இன்னொன்று. ‘தன் கையால் அவள் கையைப் பிடித்தாள்’ என்றால் குழப்பமில்லை. மூன்றாவது, நான் எடுத்துக்கொண்டது: தாமரை ‘நான்’ என்று சொல்கிறாள், மரகதத்தை ‘நீ’ என்று அழைத்தே முழுக் கதையும் நகர்கிறது. நீ வந்தாய், நான் எழுந்தேன். தன்மையிலும் முன்னிலையிலும் தமிழ் பால் காட்டுவதில்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கும் இடத்தில் ஆண் பெண் என்ற கேள்வியையே மொழி எழுப்புவதில்லை. இதை முதன்முதலில் கவனித்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இந்த வசதியை வைத்து, பாத்திரத்தின் பாலினத்தை ஏழு அத்தியாயம் மறைத்து ‘அட, இரண்டு பேரும் பெண்களா!’ என்று வாசகரை அதிர வைக்கலாம்தான். செய்யாதீர்கள். ஒருவரின் இருப்பே அதிர்ச்சிச் செய்தியாகிவிடும். அப்படிப்பட்ட அதிர்ச்சியை நம்மில் பலர் வீட்டில் பார்த்தாகிவிட்டது.

விளிக்கும் முறைக்கு ஒரு தனித் தாள் வையுங்கள். என் தாளில் இருப்பதைச் சொல்கிறேன். முதல் இரவு, தாமரையை அந்த வீட்டு விருந்தாளி என்று நினைத்து மரகதம் ‘அம்மா’ என்கிறாள், ‘வாங்க’ என்கிறாள். ஒன்பதாம் இரவு ‘அக்கா’. நாற்பத்தோராம் இரவு, ஏதோ கோபத்தில், ‘நீ’ வந்து விழுகிறது. சொன்னவளே வாயைப் பொத்திக்கொள்கிறாள். என் நாவலின் முதல் முத்தம் அந்த ‘நீ’தான், உதடு படுவதற்கு முப்பது இரவு முன்பே. ஆண்கள் என்றால் ‘சார்’ எப்போது ‘டா’ ஆகிறது என்று பாருங்கள். ஊரறிய ‘மச்சான்’, தனியே பேர் சொல்லி, கோபத்தில் ‘வாங்க போங்க’. நம் ஊரில் நெருக்கம் அளக்கப்படுவது இப்படித்தான்.

அவர்களுக்குத் தங்களைக் குறிக்க என்ன சொல் இருந்தது என்பதும் முக்கியம். இன்று தன்பாலீர்ப்பு, பால்புதுமையர், திருநர் என்று கௌரவமான சொற்கள் இருக்கின்றன. உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில் 2022இல் தமிழக அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. 1905இல் மரகதத்திடம் இந்தச் சொல் எதுவும் கிடையாது. சொல் இல்லாததால் உணர்வு இல்லை என்று ஆகாது. அவள் ‘சிநேகிதம்’ என்கிறாள், சில நேரம் ‘இது’ என்கிறாள். தாமரை தன் காலத்துச் சொல்லை ஒருநாள் அவளுக்குச் சொல்லித்தருகிறாள். மரகதம் அதை மூன்று முறை சொல்லிப்பார்த்துவிட்டு, “நல்லா நீளமா இருக்கு. நம்ம நேரத்துல பாதி இதுக்கே போயிடும்” என்கிறாள்.

ஆறாம் படி: ஒரு காட்சியை மிக அருகில் போய் எழுதுங்கள்

காலப்பயணம் என்பதால் புகை, ஒளி, சுழல் என்று எழுத வேண்டாம். ஒரு பொருள் போதும், அதைத் தொட்டு எழுதுங்கள். என் வரைவிலிருந்து ஒரு துண்டு:

“பகலெல்லாம் கம்பிவலை போட்டு மூடிக் கிடந்த கிணறு. எட்டிப்பார்த்தால் பிளாஸ்டிக் பாட்டிலும் காய்ந்த தென்னம்பாளையும் தெரியும். பன்னிரண்டு அடித்ததும் கீழே தண்ணீர் அசையும் சத்தம் வந்தது. நீ அந்தப் பக்கம் நின்றாய். இடுப்பில் வெறும் குடம்.

‘யாரும் எழுந்திருக்கல. நீங்க கொஞ்சம் இறைச்சு ஊத்துங்கக்கா. கையேந்திக்கிறேன்.’

கயிறு ஈரமாக, கனமாக வந்தது. எனக்குப் பழக்கமில்லை. உள்ளங்கை எரிந்தது. பித்தளைச் சொம்பை முக்கி எடுத்து நீட்டினேன்.

நீ கையைக் குவித்துக் குனிந்தாய்.

‘கையேந்தாத. சொம்பைப் பிடி.’

‘வேணாம்கா.’

‘வாய் வெச்சுக் குடி.’

நீ என்னைப் பார்த்தாய். பிறகு சொம்பை இரண்டு கையாலும் வாங்கினாய், பிறந்த பிள்ளையை வாங்குவதுபோல, தலைப்பக்கம் தாங்கி. உதட்டில் வைத்தாய். தொண்டை ஏறி இறங்கியதை எண்ணினேன். ஆறு முறை. மிச்சத்தை என்னிடம் நீட்டினாய். நீ வாய் வைத்த இடத்திலேயே நானும் வாய் வைத்தேன்.”

இதில் காதல் என்ற சொல் இல்லை. சாதி என்ற சொல்லும் இல்லை. உடலுறவுக் காட்சி எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள், கூச்சமில்லாமல் எழுதுங்கள். நம்மவர்களுக்கு உடலின் சந்தோஷம் கதையில் கிடைத்தது குறைவு. ஆனால் அதற்கு முன்னால் இப்படி ஒரு சொம்பு இருக்கட்டும்.

ஏழாம் படி: திருப்பத்தை முதல் அத்தியாயத்தில் புதையுங்கள்

திருப்பம் கடைசியில் வருவது, ஆனால் முதலிலேயே கண்ணெதிரே இருந்திருக்க வேண்டும். என் நாவல் தொடங்கும்போது பின்கட்டுச் சுவரில் வரிசையாகக் கோடுகள். வீட்டுக்காரம்மாவின் பேரன் விளையாட்டாக எண்ணி 160 என்கிறான். “அந்தக் காலத்துப் பால் கணக்கா இருக்கும்” என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். பழைய வீட்டுச் சுவர்களில் பால் கணக்குக் கோடு பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகமே வராது. வாசகரும் மறந்துவிடுவார். முதலில் கரிக்கோடு என்றுதான் எழுதியிருந்தேன். 113 வருடம் கரி நிற்குமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சுண்ணாம்புக் காரையில் ஆணியால் கீறிய கோடு என்று மாற்றினேன்.

சந்திப்புகள் நூறைத் தாண்டும்போது, அந்தக் கோடுகளை மரகதம்தான் கீறுகிறாள் என்பது தாமரைக்குப் புரிகிறது. 160உடன் கோடு நின்றுவிடுகிறது என்பதும் புரிகிறது. அப்படியென்றால் அதற்குப் பிறகு அவள் வரப்போவதில்லை. பிரசவத்தில் ஏதாவது ஆகிவிட்டதா? வாசகர் மரணத்தை எதிர்பார்க்கத் தொடங்குகிறார். நாம் இதுவரை கேட்ட இப்படிப்பட்ட காதல் கதைகள் பெரும்பாலும் தூக்குக் கயிற்றிலோ ரயில் தண்டவாளத்திலோ முடிந்திருப்பதால் அந்த எதிர்பார்ப்பு தானாகவே வரும். அந்தப் பழக்கத்தைத்தான் என் திருப்பம் பயன்படுத்திக்கொள்கிறது. 160 ஒன்பது நிமிடங்கள் சேர்ந்து ஒரு முழு நாளாகிவிட்டன. 1905இன் கடைசி இரவில் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டு மரகதம் கிணற்றடிக்கு வருகிறாள். இந்த முறை 12:09க்குக் கதவு மூடவில்லை. அவளுக்கு ஒரு நாள் முழுதாக இருக்கிறது, 2018 செப்டம்பர் 6.

அந்தப் பகலில் என்ன செய்கிறார்கள்? தையல் யூனிட்டில் டிவி ஓடுகிறது, தீர்ப்பு வருகிறது. தாமரை அழுகிறாள். மரகதத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெரிய நாளைச் சின்னதாக எழுதுங்கள்.

எட்டாம் படி: சாகடிக்காதீர்கள்

காதல் நாவல் என்ற வகை வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது, கடைசிப் பக்கத்தில் இருவரும் சேர்ந்திருப்பார்கள் என்று. குயர் வாசகர்கள், அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர், அந்த வாக்குக்காகப் பல காலமாகக் காத்திருப்பவர்கள். துயர முடிவுதான் இலக்கியத் தரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதே சமயம் 2018ஐச் சொர்க்கமாகவும் காட்ட முடியாது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் என்பது குடும்பம் அமைக்க ஒரே வழி அல்ல, நாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்று இரு பெண்களின் வழக்கில் சொன்னது. உங்கள் பாத்திரங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் வாடகை வீடு தேடுவார்கள், ரேஷன் கார்டில் என்ன உறவு என்று எழுதுவது தெரியாமல் நிற்பார்கள். சந்தோஷமான முடிவு என்பது இதற்கு நடுவிலும் இருவரும் ஒரே பாயில் தூங்குவது.

என் முடிவையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 6 நள்ளிரவு, கதவு கடைசியாக ஒன்பது நிமிடம் திறக்கிறது. திரும்பிப் போகலாம். மரகதம் கிணற்றைப் பார்க்கிறாள், அம்மாவை நினைக்கிறாள். 12:09 ஆகிறது. கிணற்றில் தண்ணீர்ச் சத்தம் அடங்குகிறது. அவள் குனிந்து ஓர் ஆணியைத் தேடி எடுத்து, சுவரில் 161ஆவது கோட்டைக் கீறுகிறாள்.

ஒன்பதாம் படி: யாரிடம் காட்டுவது, எப்படி வெளியிடுவது

வரைவு முடிந்ததும் குறைந்தது இரண்டு குயர் வாசகர்களிடம் கொடுங்கள். ஒருவர் உங்களைவிட இருபது வயதாவது மூத்தவராக இருக்கட்டும். நேரத்துக்குக் கூலி கொடுங்கள். அவர்கள் வாழ்க்கையில் நடந்ததை அனுமதி இல்லாமல் எழுதாதீர்கள். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வேளச்சேரியில் ஒரு மொட்டை மாடி, ஒரு பச்சை ஸ்கூட்டி என்று எழுதினாலே தெரிந்தவர்களுக்கு ஆளைத் தெரிந்துவிடும். வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் நம்மில் நிறைய.

உங்களுக்கே அந்த நிலைமை என்றால் புனைபெயரில் எழுதுங்கள். தமிழில் புனைபெயர் மதிப்பான மரபு. பதிப்பகத்துடன் ஒப்பந்தம் போடும்போது, உண்மைப் பெயர் எந்த அறிவிப்பிலும் வரக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை நோக்கித்தான் இங்கே பதிப்பு வேலைகள் ஓடும். அதற்குக் கைப்பிரதி ஆடி, ஆவணிக்குள்ளாவது தயாராக இருந்தால் மெய்ப்புப் பார்க்க அவகாசம் கிடைக்கும்.

இன்றிரவே தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு பயிற்சி. 12 மணிக்கு அலாரம் வைத்து, 12:09க்கு இன்னொன்று வையுங்கள். அந்த ஒன்பது நிமிடத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்வதை மட்டும் எழுதுங்கள். இரண்டாவது அலாரம் அடித்ததும், வாக்கியம் பாதியில் இருந்தாலும், பேனாவை வைத்துவிடுங்கள். மறுநாள் இரவு அந்தப் பாதி வாக்கியத்திலிருந்தே தொடருங்கள். நான் தொடங்கியது அப்படித்தான். என் முதல் இரவின் பாதி வாக்கியம் இது: “உங்க பக்கம் விடிஞ்சா என்னை”